‘ஜலூசி’யும் நாற்பத்திரண்டு யன்னல்களும்

1. திருத்தப்பட்ட கதை

குகன் வேலைக்கு வந்த முதல் நாளே, நான் பதினேழு வருடமாகச் சொல்லிவந்த கதையைத் திருத்தினான்.

எங்கள் கம்பனி ஹவுன்ஸ்லோவில் இருக்கிறது. யன்னல்களுக்குப் பிளைண்ட், அதாவது ஏற்றி இறக்கும் பலகைத் திரை, செய்து விற்கிறோம். கீழே பட்டறை, மேலே ஒபிஸ். யன்னலை அளந்து அனுப்பினால் அந்த அளவுக்குப் பலகை வெட்டி, நூல் கோத்து, பெட்டியில் போட்டு அனுப்புவோம். லண்டனுக்குள் என்றால் எங்கள் வான் போகும், ஐரோப்பா என்றால் லொறி போகும். நான் இருப்பது ஓர்டர் டெஸ்க்கில். ‘பரா நிறைய வாசிக்கிறவர்’ என்று ஒபிஸில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அத்தனை வருடமும் ஒரே ஒரு சொல்லை வைத்துத்தான் காப்பாற்றி வந்தேன்.

சேர்ந்த முதல் கிழமை பிரான்சிலிருந்து ஒரு பெண்மணி போன் எடுத்து, தன் வரவேற்பறைக்கு ‘ஜலூசி’ வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே சொல்லுக்குப் பொறாமை என்று பொருள். அதை மீற்றர் கணக்கில் யாரும் கேட்டதில்லை. அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போய் அகராதிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று சனிக்கிழமை போயிற்று. நான்காவது கிழமை ஒபிஸில் ஒரு விரிவுரை நிகழ்த்தினேன்.

விரிவுரையின் சுருக்கம் இது. கிரேக்கத்தில் ‘ஸேலொஸ்’ என்றால் உள்ளே எரிகிற வேகம். அது லத்தீன் வழியாக இறங்கி, பிரெஞ்சில் ‘ஜலூசி’ என்றும் இத்தாலியில் ‘ஜெலொஸீயா’ என்றும் பொறாமையாக மாறியது. பிறகு இத்தாலியர்கள் யன்னலில் மாட்டும் சட்டத் தட்டிக்கும் அதே பெயரை வைத்தார்கள். தன் மனைவியைத் தெருவில் போகிறவன் பார்ப்பதைப் பொறுக்காத கணவன் மாட்டியது அது என்பது விளக்கம். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிரெஞ்சுக்காரர் இரண்டு பொருளையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் பிரித்துக்கொண்டார்கள்: ‘ஸெலோஸ்’ மனதில் இருப்பது, ‘ஸெலொஸீயா’ யன்னலில் இருப்பது. ஜெர்மானியரும் ரஷ்யரும் யன்னல் சாமானை மட்டும் வாங்கினார்கள். மனதில் இருப்பதற்கு ஜெர்மானியரிடம் சொந்தச் சரக்கு இருந்தது, ‘ஐஃபர்ஸுக்ட்’, அதாவது வேகம் முற்றி நோயானது. சுவீடன்காரர் அதையே ‘கறுப்பு நோய்’ என்பார்கள். ஆங்கிலேயர் உணர்ச்சியை வைத்துக்கொண்டு, யன்னல் சாமானை ‘வெனிசியன்’ என்று வெனிஸின் தலையில் கட்டினார்கள். இத்தாலியரோ தங்கள் யன்னல் கதவைப் ‘பேர்சியானா’ என்று பாரசீகத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஐரோப்பாவில் ஒருவராவது இது எங்கள் வீட்டுப் பொருள் என்று ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு கணம் நிறுத்துவேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பதினேழு வருடமாக ஆட்டினார்கள்.

குகன் வந்த அன்றும் நிறுத்தினேன்.

“அண்ணை, ஒல்லாந்தை விட்டிட்டியள்” என்றான் அவன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து ஒல்லாந்துக்குப் போனவன். அங்கேயே படித்து, அங்கேயே பிளைண்ட் பொருத்தும் வேலை பார்த்தவன். மனைவியின் ஆட்கள் பிளேஸ்டோவில் இருப்பதால் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்திருந்தான்.

“அங்க ரெண்டுக்கும் ஒரே சொல்லுத்தான், ‘ஜாலுஸீ’. அம்மா ஒபிஸ் கிளீனிங், சின்னனில நானும் கூடப் போவன். யன்னல்ல தொங்கிறதைத் துடைக்கிறது என்ர வேலை. அதுக்குப் பேர் ஜாலுஸீ எண்டு மட்டுந்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில ஒரு பெட்டை எனக்குத் துண்டு எழுதினாள், ‘உனக்கு ஜாலுஸீ’ எண்டு. ரெண்டு நாள் யோசிச்சனான் அண்ணை. நான் துடைக்கப் போறது இவளுக்கு எப்பிடித் தெரியும் எண்டு.”

அதையே ஆங்கிலத்திலும் சொன்னான். ஒபிஸ் முழுக்கச் சிரித்தது. என் கதைக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கன்னம் வலித்தது.

2. மட்டன் ரோல்

குகனுக்கு ஆறு மாதம் புரொபேஷன். அது முடிந்தால் நிரந்தரம், தவறினால் வீட்டுக்கு. ஒல்லாந்தில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவன். இதை முதல் கிழமையே அவனே என்னிடம் சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொல்லும் சுபாவம்.

ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் அவனைக் கேட்டு போன் எடுக்கத் தொடங்கினார்கள். ரொட்டர்டாம்காரரோடு ஒரு மாதிரி, கொலோன்காரரோடு இன்னொரு மாதிரிக் கதைப்பான். பிரெஞ்சு கொஞ்சம் உடைந்ததுதான், ஆனால் உடைந்த இடத்தில் சிரித்துச் சமாளிப்பான். நான் அதே பிரெஞ்சை இலக்கணச் சுத்தமாகப் பேசுவேன், மறுமுனையில் ஆங்கிலம் தெரிந்த யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் அவன் போனில் ஏதோ சொல்லி முடித்ததும், அது என்ன சொல் என்று கேட்டேன்.

“அதோ? யன்னல்ர உள்வாய் அண்ணை. சுவரிலயிருந்து சுவர் வரைக்கும். ஒல்லாந்தில பிளைண்ட் போடுற ஆக்கள் அதைப் ‘பகல்’ எண்டுதான் சொல்லுவினம். பகல் வாற இடமெல்லே.”

எவ்வளவு வடிவான சொல். வெம்பிளியில் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே என் ஒல்லாந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் ‘பகல்’ என்ற பொருள் இருந்தது. யன்னல் இல்லை. அதை நான் எந்த நூலகத்தில் போய் எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஏணியில் நிற்பவனுக்குத்தான் அந்தச் சொல் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி செய்த மட்டன் ரோல் கொண்டுவருவான். முதல் ரோல் எனக்கு. “அண்ணை, சூடு ஆறமுன்னம் சாப்பிடுங்கோ.” ஒருவன் கெட்டவனாக இருந்தால் அவன்மேல் பொறாமைப்படுவது சுலபம், மனச்சாட்சி குறுக்கே வராது. நல்லவன்மேல் படுவதற்குத் தனி உழைப்பு வேண்டும். நான் உழைத்தேன். ரோலையும் சாப்பிட்டேன்.

3. இரண்டாவது கையெழுத்து

இனி எங்கள் தொழில் முறை இரண்டைச் சொல்லவேண்டும்.

ஒன்று: அளவு இரண்டு வகை. யன்னலின் உள்வாயைச் சுவருக்குச் சுவர் அளந்து அனுப்பினால் அது ‘ரீசெஸ்’. பட்டறையில் அதிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் குறைத்து வெட்டுவார்கள், அப்போதுதான் பிளைண்ட் உள்ளே போகும். ‘எக்ஸாக்ட்’ என்றால் குறைக்கவேண்டியதை வாடிக்கையாளரே குறைத்துவிட்டார், எழுதிய அளவுக்கே வெட்டு என்று பொருள். நாங்கள் எழுதும் ஓர்டர் ஷீட்டின் அடியில் இரண்டு சிறு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் சரி அடையாளம் போடவேண்டும்.

மற்றது: எந்த ஓர்டரும் பட்டறைக்கு இறங்குமுன் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ஷீட்டை எழுதியவர் வாடிக்கையாளரின் தாளை வாய்விட்டு வாசிப்பார். மற்றவர் பென்சிலோடு எங்கள் ஷீட்டில் வரிவரியாகப் பின்தொடர்வார். முடிந்ததும் இரண்டு கையெழுத்து. இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒருநாள் காலை ஹஸ்முக் பாய் எங்கள் மேசைக்கு வந்தார். அவர் முதலாளி. உகண்டாவில் பிறந்த குஜராத்தி, அவர்கள் மொழியில் ‘பாய்’ என்றால் அண்ணன். வயது எழுபது. ஆங்கிலத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

“ஐரோப்பாவுக்குப் புது கேட்டலாக் அடிக்கிறோம். குகன், நீ பார்த்துக்கொள். முதல் பக்கத்தில் அந்தச் சொல்லின் கதை வரட்டும், நாலு மொழியில். அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணையும் போடு, சிரிப்பாக இருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பரா பாய், உன்னிடம் ஏதோ குறிப்பெல்லாம் இருக்குமே, அவனுக்குக் கொடு.”

என்னிடம் ஏதோ குறிப்பு. மூன்று சனிக்கிழமை, பதினேழு வருடம், ஒரு கொப்பி நிறைய.

அன்று பின்னேரம் குகனின் ஷீட்டைப் பார்க்க உட்கார்ந்தோம். லண்டன் கென்சிங்டனில் ஒரு பெல்ஜியப் பெண்மணியின் சிறிய ஹோட்டல். நாற்பத்திரண்டு யன்னல்கள், அனைத்துக்கும் வெள்ளை மரப்பலகை வெனிசியன். யன்னல்களை அளந்தவர் ஒல்லாந்து ஒப்பந்தக்காரர். குகன் கொண்டுவந்த முதல் பெரிய வேலை. புரொபேஷன் முடிய மூன்று கிழமை இருந்தது.

அவன் வாசித்தான். நான் பென்சிலை நகர்த்தினேன். அகலம் சரி, உயரம் சரி, நிறம் சரி. கடைசி வரியில் பென்சில் நின்றது. குகன் ‘எக்ஸாக்ட்’ பெட்டியில் அடையாளம் போட்டிருந்தான். ஒப்பந்தக்காரரின் தாளிலோ மூலையில் ஒரு சின்னப் படம் இருந்தது. ஒரு யன்னல், குறுக்கே ஒரு கோடு, கோட்டின் இரண்டு அம்பும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. சுவருக்குச் சுவர். யாரும் எதையும் குறைக்கவில்லை.

குகன் ஏன் தவறினான் என்பதும் எனக்கு உடனே தெரிந்தது. அவன் முன்பு வேலை செய்த இடத்தில் பொருத்துபவனே கழித்து எழுதிக் கொடுப்பான், பட்டறை கை வைக்காது. பழைய கை பழைய பெட்டியில் போய் நின்றிருக்கிறது. முதல் வருடத்தில் இப்படித் தவறாதவர் எங்கள் ஒபிஸில் ஒருவருமில்லை. அதைப் பிடிக்கத்தான் இரண்டாவது ஆள்.

பென்சில் நிற்பதை அவன் கவனித்தான்.

“ஏன் அண்ணை, ஏதும் பிழையோ?”

“இல்லை. சரி” என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். வடிவான கையெழுத்து, அன்றைக்கு இன்னும் வடிவாக விழுந்தது.

4. கென்சிங்டனிலிருந்து போன்

பத்து நாளில் பொருத்துபவர்கள் ஹோட்டலிலிருந்து போன் எடுத்தார்கள். ஒரு பிளைண்ட் யன்னலுக்குள் போகவில்லை என்றார்கள். பிறகு மூன்று போகவில்லை என்றார்கள். மதியத்துக்குள் நாற்பத்திரண்டும் போகாது என்று உறுதியாயிற்று. ஞாயிறு தொடக்கம் அறைகளுக்கு ஆட்கள் வருகிறார்கள். தெருவுக்கு நேரே இருக்கும் படுக்கையறைகளில் ஒரு மறைப்பும் இல்லை.

ஹஸ்முக் பாய் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் ஷீட் கிடந்தது. இரண்டு கையெழுத்து.

“யார் போட்ட அடையாளம்?”

“என்னுடையது” என்றான் குகன். “நான் பழைய இடத்து ஞாபகத்தில் போட்டுவிட்டேன். பரா அண்ணைமேல் தவறில்லை. நான் எழுதுவது சரியாக இருக்கும் என்று நம்பியிருப்பார்.”

ஹஸ்முக் பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை விரிப்பு நல்ல தரமானது என்று அன்றுதான் கவனித்தேன்.

“புரொபேஷன் இதற்குத்தான் இருக்கிறது” என்றார் அவர். “நாளைக்குப் பேசலாம்.”

நாளைக்கு என்றால் என்ன என்று மூவருக்கும் தெரியும். குகன் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். சாதாரணமாக இரண்டிரண்டு படியாகப் பாய்பவன்.

5. வதனியின் அகராதி

வீட்டில் மனைவி வதனிக்குச் சொன்னேன். கொஞ்சம் அலங்காரத்தோடு தொடங்கினேன்: தொழிலில் ஒரு நெருக்கடி, ஒரு மொழிச் சூழல், ஒரு மனநிலை. அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ. நீங்கள் பிழையைக் கண்டனீங்களோ, காணேல்லையோ?”

“கண்டனான்.”

“அவன் கேட்டவனோ?”

“கேட்டவன்.”

“நீங்கள் சரி எண்டனீங்கள்.”

“ஓம்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு எரிச்சல். வேற ஒண்டுமில்லை. அந்தப் பொடியன்ர பெண்சாதி சுட்ட ரோலை எனக்கும் கொண்டு வந்து தந்தனீங்கள், நான் ரெண்டு திண்டனான்.”

“நாளைக்குப் போய்...”

“போய்ச் சொல்லுறியளோ, இல்லாட்டி நான் போன் எடுத்துச் சொல்லட்டோ?”

ஒன்பது மொழி அகராதி வைத்திருந்தவனுக்கு நோயின் பெயரைக் கத்தரிக்காய் வெட்டுகிறவள் சொல்லிவிட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சில் பொறாமைக்கு எரிச்சல் என்றுதான் பெயர், கிரேக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

6. மொழிபெயர்ப்பாளர்

மறுநாள் காலை ஹஸ்முக் பாயின் அறையில் மூவரும் நின்றோம். அவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். அந்த அடையாளம் தவறு என்பதை அன்றே கண்டேன், கண்டும் கையெழுத்துப் போட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“கண்டாயா? கண்டுவிட்டு எதற்குக் கையெழுத்துப் போட்டாய்?”

அந்த இடத்தில் என் ஆங்கிலம் நின்றுவிட்டது. முப்பது வருடம் இந்த நாட்டில் வங்கியோடும் கவுன்சிலோடும் சண்டை பிடித்த ஆங்கிலம். ‘பிகாஸ்’ வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் போகவில்லை. ஹஸ்முக் பாய் காத்திருந்தார். கடைசியில் அந்த அறையில் அவருக்கு விளங்காத மொழியில், குகனைப் பார்த்தே சொன்னேன்.

“எனக்கு உன்னில எரிச்சலடா. அதுதான்.”

“என்ன சொல்கிறான்?” என்று கேட்டார் ஹஸ்முக் பாய்.

குகன் என் பக்கம் திரும்பினான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாடிக்கையாளரின் அளவை வாசிக்கிற அதே குரலில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், ஆங்கிலத்தில் சொன்னான்:

“என்மேல் அவருக்குப் பொறாமை என்கிறார்.”

ஹஸ்முக் பாய் கண்ணாடியைக் கழற்றினார். “இவன்மேலா? வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே?” பிறகுதான் கோபம் வந்தது. “பரா பாய், தவறு யாரும் விடுவார்கள். அந்த இரண்டாவது கையெழுத்துக்குத்தான் உனக்குச் சம்பளம்.”

தீர்ப்பு சுருக்கமானது. குகனுக்கு வேலை நிரந்தரம், ஐரோப்பா டெஸ்க்கும் அவனுக்கு. என் கையெழுத்து மறு அறிவித்தல் வரை செல்லாது. நாற்பத்திரண்டு பிளைண்டையும் சனிக்கிழமைக்குள் ஹோட்டலிலேயே வைத்து வெட்டிச் சரிசெய்வது என் பொறுப்பு.

வெளியே வந்ததும் குகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சத்தம் போடவில்லை.

“நான் கேட்டனான் அண்ணை. வாயைத் திறந்து கேட்டனான், பிழையோ எண்டு. நேத்து இரவு மனுசிக்குச் சொல்லேலாமல் குளியலறைக்குள்ள போய் இருந்தனான். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் கிடைச்சு மூண்டு கிழமை.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் செய்தனீங்கள். அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு.”

7. அரை சென்ரிமீற்றர்

மரப்பலகை வெனிசியனைக் குறைப்பது எப்படி என்று கேட்டால் இப்போது நான் நன்றாகச் சொல்வேன். நூலைக் கழற்றவேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட பலகையையும் உருவவேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அரை சென்ரிமீற்றர் வெட்டவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டினால் நூல் துளைகள் ஒதுங்கிவிடும். வெட்டிய முனைக்கு வெள்ளைச் சாயம் பூசி, காயவைத்து, திரும்பக் கோக்கவேண்டும். ஹோட்டலின் பின்முற்றத்தில் பட்டறைக்காரர் இருவர் மரம் அறுக்கும் வாளோடு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே சாயத் தூரிகையோடு முழங்காலில் நின்றது நான். பெல்ஜியப் பெண்மணி கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, ‘ஜலூசி’ என்ற சொல்லின் மூலம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

சனி மாலை குகன் வந்தான். அறை அறையாகப் போய், ஒவ்வொரு பிளைண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தான். நாற்பத்திரண்டாவதைப் பார்த்து முடித்ததும், “சரி” என்றான். எனக்கல்ல, பொதுவாக.

அதற்குப் பிறகு எங்கள் ஒபிஸில் நான் கேட்டு ஒரு விதி வந்தது. யாரும் யாருடைய ஷீட்டைப் பற்றியும் ‘இன்றைக்கு இதை நான் பார்க்கப்போவதில்லை’ என்று சொல்லலாம். காரணம் கேட்கக்கூடாது, வேறு ஆள் பார்ப்பார். பொறாமையை நிறுத்த விதி போட முடியாது. பென்சிலை வேறொருவர் கையில் கொடுக்கப் போடலாம்.

என் கையெழுத்துத் திரும்பச் செல்லுபடியான முதல் கிழமையே, அந்த விதியைப் பயன்படுத்திய முதல் ஆள் குகன். என் ஷீட்டைத் தள்ளிவைத்தான். “இண்டைக்கு நான் பாக்கேல்லை.” அப்படியே எட்டு மாதம். என் குறிப்புக் கொப்பியை அவன் மேசையில் வைத்துப் பார்த்தேன். கேட்டலாக்குக்கு வேண்டியதை எழுதிக்கொண்டு, நன்றி என்று ஒரு துண்டோடு திரும்ப வைத்தான். வெள்ளிக்கிழமைகளில் ரோல் வந்தது, எல்லாருக்கும் நடுவில் தட்டில் வைக்கப்பட்டது. நான் எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். பட்டறை அவசரப்படுத்தியது. குகன் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் வாசித்தேன், அவன் பென்சிலை நகர்த்தினான். பதினோராவது யன்னலில் பென்சில் நின்றது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு குகனின் பென்சிலுக்கு மறுபக்கத்தில் நான் இருந்தது அதுவே முதல் தடவை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.

“உயரம் பிழை” என்றான் குகன். “தாளில அவையள் தந்தது இருபது சென்ரிமீற்றர் கூட. பாருங்கோ அண்ணை.”

பார்த்தேன். தவறுதான். திருத்தினேன். அவன் பன்னிரண்டாவது யன்னலுக்குப் போகச் சொன்னான்.

இளையவர்களுக்கு ஒரு பாடம் சொல்லிமுடிக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். எரிச்சல் போய்விட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். போகவில்லை. அவன் கொலோன்காரரோடு போனில் சிரிக்கும்போது இன்றைக்கும் எனக்கு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றவேண்டியிருக்கிறது. ஆனால் ஒருவர் உங்களைப் பார்த்து ‘பிழையோ?’ என்று கேட்டால், அவர் கேட்பது தாளைப் பற்றி. தாளைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பிறகு போய் ஊற்றிக்கொள்ளுங்கள் தேத்தண்ணியை.